குறும்பாதையும் ஆர்வலர் கூட்டமும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் என்னைப் பணித்தனர். தமிழ் அவைகளின் வரலாற்றையோ, தனிப்பாடல் புலவர் எவருடைய காலத்தையோ பற்றி நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டதோ, வேல்ஸ் நாட்டில் 7¼ மைல் நீளமே உள்ள ஒரு சிற்றிருப்புப்பாதையின் கதை. காரணம் உண்டு. ஊதியம் பெறாத ஆர்வலர்கள் ஒன்றுகூடிக் கையிலெடுத்து ஓட்டிய முதல் இருப்புப்பாதை என்று உலகம் அதனைப் போற்றுகிறது. அவ்வாறு கையிலெடுக்கத் தூண்டியவர் ஓர் எழுத்தாளர். அம்முயற்சி பிறந்த இடம், மாலைப் பொழுதில் ஓட்டல் அறையொன்றில் கூடிய ஒரு கூட்டம். இவ்வளவும் நமக்கு அயலானவை அல்ல.

அந்நாட்டுக்கு நான் சென்றதில்லை. பழைய புத்தகக் கடையொன்றில் எல். டி. சி. ரோல்ட் என்பார் எழுதிய 'ரயில்வே அட்வெஞ்சர்' என்னும் நூல் கைக்குக் கிட்டியது. 1953இல் வெளிவந்த அந்நூலை எஞ்சின் பற்றிய நூல் என்று எண்ணித்தான் வாங்கினேன். படித்து முடித்தபோது, ஒரு சங்கம் எவ்வாறு பிழைத்தது என்பதைச் சொல்லும் நூல் என்று கண்டேன். அதன்பின் அப்பாதையைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்துவருகிறேன்.

அப்பாதையின் பெயர் தாலிலின். அதனை நம் எழுத்தில் செம்மையாக எழுத இயலாது. வேல்ஸ் மொழியில் லகரம் இரட்டித்து எழுதப்படும் இடத்தில் பிறக்கும் ஒலி, நாவின் இருமருங்கும் காற்று உரசி வெளிப்படுவது. நம் ழகரம் அயலார் நாவை எவ்வாறு சோதிக்கிறதோ, அவ்வாறே அவ்வொலி ஆங்கிலேயர் நாவைச் சோதிக்கும். இச்செய்தியை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னர் இது தேவைப்படும்.

வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் டவின் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வழியே மலையடிவாரம் நோக்கிச் செல்வது இப்பாதை. மலையில் பிரினெக்லுவிஸ் என்னும் சிலேட்டுக் கல் குவாரி இருந்தது. குவாரிக்கு முதலிட்டவர்கள் மான்செஸ்டர் பருத்தியாலை முதலாளிகளான மக்கானல் குடும்பத்தார். 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் முடங்கின. முடங்கிய முதலுக்கு வேறு தொழில் தேடிய அவர்கள் சிலேட்டுக் கல்லைக் கண்டனர். அதே போரின் விளைவாகத்தான் நம் நாட்டுப் பருத்திக்கும் அந்நாளில் விலை ஏறியது. நம் கரிசல் உழவனும் வேல்ஸ் மலையின் கல்வெட்டுத் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே போரால் அலைக்கழிக்கப்பட்டனர் என்பது என் சிந்தையை விட்டு அகலாத செய்தி.

1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் இப்பாதைக்கு உரிமை கிடைத்தது. நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டியில் பயணிகளை ஏற்றிச் செல்ல நாடாளுமன்றச் சட்டத்தால் உரிமை பெற்ற பிரிட்டனின் முதல் குறும்பாதை இதுவே என்பர். தண்டவாளங்களின் இடையகலம் 2 அடி 3 அங்குலம். கட்டிமுடித்தபின் அரசின் ஆய்வாளர் கேப்டன் டைலர் வந்து அளந்து பார்த்தார். பாதையின் குறுக்கே செல்லும் பாலங்களின் அடியில், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளி வேண்டும்; இருந்ததோ இரண்டடிக்கும் குறைவு. பாலங்களை இடித்துக் கட்டப் பணம் இல்லை. எனவே எல்லாப் பெட்டிகளிலும் ஒருபுறக் கதவுகளை நிலையாக அடைத்துவிட்டுப் பாலங்களின் அடியில் தண்டவாளத்தை ஒருபுறமாக ஒதுக்கிப் போட்டனர். கதவில்லாத பக்கம் இடைவெளி குறைந்தாலும் இடரில்லை அன்றோ! இன்றும் அவ்வண்டியின் பெட்டிகளுக்கு ஒருபுறம்தான் கதவு. பிற்காலத்தில் புதிதாகக் கட்டிய பெட்டிகளையும் அவ்வாறே கட்டினார்கள். முதற்பதிப்பில் நேர்ந்த அச்சுப்பிழை பாடமாகவே நிலைத்துவிடுவதுண்டு. சுவடிப் பதிப்பில் பழகிய நமக்கு அது வியப்பன்று.

தொடக்கத்தில் இருந்த எஞ்சின்கள் இரண்டு. 1864இல் செய்யப்பட்ட 'தாலிலின்'. 1866இல் செய்யப்பட்ட 'டோல்கோக்'. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாதைக்கு வேறு எஞ்சின் வாங்கப்படவில்லை.

1911இல் குவாரியையும் பாதையையும் விலைக்கு வாங்கியவர் ஹென்றி ஹைடன் ஜோன்ஸ். டவினில் இரும்புக்கடை வைத்திருந்தவர். அம்மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக 1910 முதல் 1945 வரை இருந்தவர். இசைவாணர் ஒருவரின் மகன். அவர் பெயரிலுள்ள ஹைடன், ஆஸ்திரிய இசைமேதையின் பெயர்தான். தாமும் பக்திப்பாடல் தொகுப்பொன்றைப் பதிப்பித்தார். சிலேட்டு வாணிகம் நொடித்தது. 1946 டிசம்பரில் குவாரியில் பாறை சரிந்தது, குவாரி மூடப்பட்டது. குவாரிக்காகப் பிறந்த பாதைக்கு இனி என்ன வேலை? ஆனால் தாம் உயிரோடிருக்கும்வரை வண்டி ஓடும் என்று அம்முதியவர் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காத்தார். கோடைக்காலத்தில், வாரத்தில் சில நாட்கள், நட்டத்தில், வண்டி ஓடிற்று. 1948இல் பிரிட்டனின் இருப்புப்பாதைகளை அரசு ஏற்றபோது அப்பட்டியலில் தாலிலின் இடம்பெறவில்லை. ஏற்றிருந்தால், அதே இடையகலம் கொண்ட அண்டைப் பாதையாகிய கோரிஸுக்கு அவ்வாண்டே நேர்ந்தது போல் இதற்கும் மூடுவிழா நடந்திருக்கும். மறக்கப்பட்டமையால் பிழைத்தது. 1950 ஜூலையில் ஹைடன் ஜோன்ஸ் காலமானார். வாக்கின் தவணையும் அத்தோடு முடிந்தது.

இனி ரோல்ட். 1910இல் செஸ்டர் நகரில் பிறந்தவர். எஞ்சின் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவர். பழைய கார்களை நேசித்தவர். படகொன்றை வீடாக்கிக் கொண்டு கால்வாய்களில் வாழ்ந்தவர். அவ்வாழ்வைச் சொல்லும் அவருடைய 'நேரோ போட்' 1944இல் வெளிவந்தது. அந்நூலைப் படித்து மனம் நெகிழ்ந்த ராபர்ட் ஐக்மன் என்பவர் அவருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் வேறு சிலருமாக 1946இல் உள்நாட்டு நீர்வழிகளுக்கான சங்கத்தை நிறுவினர். இருவருமே பேய்க்கதைகள் எழுதியவர்கள் என்பது இடையே சொல்லத்தக்க சுவையான செய்தி.

சங்கம் வளர்ந்தது, பூசலும் உடன் வளர்ந்தது. நாட்டிலுள்ள கால்வாய் ஒவ்வொன்றையும், ஒரு மைலும் விடாமல், காக்கப் போராட வேண்டும் என்றார் ஐக்மன். சரக்குப் படகோட்டிகள் இன்றும் வாழ்ந்து உழைக்கும் கால்வாய்களை முதலில் காப்போம். அம்மக்களின் வாழ்வு அழிந்தபின் வெறும் நீரைக் காத்துப் பயன் என்ன என்பது ரோல்ட்டின் எண்ணம். 1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோ என்னும் ஊரில் அச்சங்கம் பெரியதொரு படகுத் திருவிழா நடத்தியது. நிறுவனர்களுள் ஒருவரான ரோல்ட்டை அவ்விழாவுக்கு வரவேண்டாம் என்றார் ஐக்மன். ரோல்ட் சென்றார். 1951 தொடக்கத்தில் சங்கத்தினின்றும் நீக்கப்பட்டார்.

இலக்கிய அமைப்புகளோடு பழகிய எவருக்கும் இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது. இருவரில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைக்க நான் வரவில்லை. ஐக்மனின் பிடிவாதத்தால் பிழைத்த கால்வாய்கள் பல உள என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெளியேற்றப்பட்டவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. அப்பூசல் உச்சத்தில் இருந்த மாதங்களிலேயே அவர் அடுத்த பணியைத் தொடங்கிவிட்டார்.

1949இலேயே 'பர்மிங்ஹாம் போஸ்ட்' நாளிதழுக்கு ரோல்ட் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அரசை எதிர்பாராமல் ஆர்வலர்களே தாலிலினை ஏற்று நடத்தலாகாதா என்பது அதன் கருத்து. ஹைடன் ஜோன்ஸின் மறைவுக்குப்பின் காலம் தாழ்த்த இடமில்லை. 1950 அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாமில் இம்பீரியல் ஓட்டலில் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஒரு குழு அமைத்தனர். மறைந்தவரின் துணைவியார் இசைந்தார். 1951 பிப்ரவரியில் பாதையின் பொறுப்பு கைமாறியது. இருப்புப்பாதையை நடத்தப் பெருநிறுவனங்களுக்கே இயலவில்லை, பொழுதுபோக்குக்காரர்களால் ஆகுமா என்று நகைத்தவர்கள் பலர்.

நகைப்பதற்குக் காரணமும் இருந்தது. பாதையெங்கும் புல் மண்டியிருந்தது. ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போயிருந்தன. புல்லின் வேர்களே தண்டவாளங்களை இடம்பெயராமல் பிடித்துவைத்திருந்தன என்று சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. களை நீக்குவது நல்லதா கெட்டதா என்றே ஐயம். 'தாலிலின்' எஞ்சின் பழுதாகிக் கிடந்தது. நகர்ந்தது 'டோல்கோக்' ஒன்றே. அதற்கு வயது 85. அண்டைப் பாதையாகிய கோரிஸ் மூடப்பட்டபின் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு எஞ்சின்களைச் சங்கம் வாங்கியது. அவற்றுள் ஒன்றற்குச் சர் ஹைடன் என்றும், பாதையின் பழைய மேலாளர் நினைவாக மற்றொன்றற்கு எட்வர்ட் தாமஸ் என்றும் பெயரிட்டது. ஆனால் சர் ஹைடனின் சக்கர விளிம்பு ஒடுக்கம். தாலிலின் தண்டவாளமோ தேய்ந்து அகன்றிருந்தது. ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கிவிட்டது. எட்வர்ட் தாமஸோ பெரும் பழுதுபார்ப்பை வேண்டி நின்றது.

1951 மே 14 அன்று, வசந்தகால விடுமுறைத் திங்களன்று, சங்கத்தின் முதல் வண்டி டவினிலிருந்து ரீடுரோனென் வரை ஓடியது. பாதையின் முழு நீளத்துக்குச் செல்லத் துணியவில்லை. அக்கோடை முழுவதும் அந்த 85 வயதுக் கிழவியே ஏறக்குறையத் தனியாக வண்டி இழுத்தாள். ('கிழவி' என்பது என் சொல்லன்று, அவ்வெஞ்சினை அவர்கள் அழைக்கும் செல்லப்பெயரும் அப்பொருள்பட்டதே.) ரோல்ட் 1951, 1952 ஆகிய இரு பருவங்களிலும் பொது மேலாளராக இருந்தார். வங்கி எழுத்தர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் வார இறுதியில் வந்து மண் வெட்டினர், கட்டை மாற்றினர், பயணச்சீட்டு விற்றனர். பழைய தொழிலாளர் குடும்பத்தினர் உடனிருந்து தொழில் கற்பித்தனர். இவர்கள் பெயரை விழா மேடைகள் முதலில் சொல்வதில்லை. ஆனால் பல்லாண்டுப் பழக்கத்தில் அவர்கள் அறிந்திருந்த கைப்பாங்கு இல்லாமல், ஆர்வலரின் ஆர்வம் மட்டும் அந்தக் கொதிகலனில் நீராவியை எழுப்பியிராது.

இங்கு என் நினைவு ஒன்றைக் குறிப்பிடுவது தவறாகாது. நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில், அடைமழை நாளொன்றில், கூட்டத்துக்கு ஐவர் வந்தோம். அவர்களுள் ஒருவர் மண்டபத்தின் காவலர். கவியரங்கத்தை ஒத்திவைப்போமா என்று பேசிக்கொண்டிருக்கையில், "எனக்காகவாவது படிங்கம்மா" என்றார் காவலர். படித்தோம். பாதி வழியேனும் வண்டியை ஓட்டிவிட வேண்டும் என்று 1951இல் ரோல்ட் கொண்ட துடிப்பைப் படித்தபோது அந்த மழைநாள்தான் என் கண்முன் வந்தது.

வண்டி ஓடத் தொடங்கியபின் பணம் வேண்டும், ஆள் வேண்டும். இவ்விரண்டையும் கொணர்ந்தவை ஆர்வலர் விழாக்கள். இவற்றை வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. வரலாற்றை நோக்கினால் அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

ஆண்டுப் பொதுக்குழுவே முதல் விழா. டவினில் அது கூடும். 1950களிலும் 1960களிலும் அதற்கென்றே இலண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து தனி வண்டி அமர்த்திக்கொண்டு உறுப்பினர்கள் வந்தனர்; அகலப்பாதையில் வந்து இறங்கி, குறும்பாதையில் ஏறினர். வரவு செலவைக் கேட்டார்கள், சண்டையிட்டார்கள், மறுநாள் மண்வெட்டியை எடுத்தார்கள். பொதுக்குழுவைத் திருவிழாவாக்கிய சங்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் பொதுக்குழுவுக்கு வருகைப்பதிவு எத்தனை என்பதைச் செயலாளர் அறிவார். நான் சொல்ல வேண்டியதில்லை.

விளம்பரமும் தானாகவே வந்தது. இம்முயற்சியைக் கண்டு எழுந்த கற்பனையில் 'த டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' என்னும் நகைச்சுவைத் திரைப்படம் 1953இல் வெளியாயிற்று. வில்பர்ட் ஆட்ரி என்னும் பாதிரியார், குழந்தைகளுக்கு எஞ்சின் கதைகள் எழுதியவர், சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர். 1952இல் குடும்பத்தோடு வந்து கார்டாகத் தொண்டு செய்தார். ஒருமுறை, சிற்றுண்டி விற்கும் பெண்மணி ஏறுமுன்னரே கொடியசைத்து வண்டியை அனுப்பிவிட்டார். அப்பிழையை அவர் மறைக்கவில்லை, கதையாக்கினார். 1955இல் வந்த அவருடைய 'ஃபோர் லிட்டில் எஞ்சின்ஸ்' தொகுப்பில் அக்கதை உள்ளது. அதில் வரும் ஸ்கார்லோயி என்னும் எஞ்சின், தாலிலினே. பின்னாளில் இக்கதைகளைப் படித்த குழந்தைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு டவினுக்கு வந்தனர். உண்மை எஞ்சினுக்கு அவ்வப்போது கதை எஞ்சினின் வேடம் புனைந்து விழா எடுத்தனர். இலக்கியம் இரும்பை உண்பித்த கதை இது. டவின் நிலையத்து அருங்காட்சியகத்தில் இப்போது ஆட்ரியின் எழுத்தறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். 1973இல் மட்டும் இப்பாதையில் நிகழ்ந்த பயணங்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல்.

விழாக்களுள் என் உள்ளத்துக்கு உகந்தது, வண்டியோடு போட்டியிட்டு ஓடும் ஓட்டம். 1984 முதல் டவின் ரோட்டரி சங்கம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடத்திவருவது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் நடைபெறவில்லை. வண்டி டவினிலிருந்து அபர்கனோல்வின் வரை சென்று திரும்பும். ஓடுவோர் ஏறத்தாழ 14 மைல், தண்டவாளத்துக்கு அருகருகே, வயல்களினூடும் சேற்றினூடும் மேட்டுநிலங்களினூடும் ஓட வேண்டும். அன்றொரு நாள் உழவர்கள் தங்கள் நிலத்தின் வாயில்களைத் திறந்துவிடுகிறார்கள். ஓடுபவரின் மனைவி மக்கள் வண்டியில் அமர்ந்து, சன்னல் வழியே தலைநீட்டி, அவர்களை ஊக்குவிக்கிறார்கள். நீராவி எஞ்சின் விரைவின் வடிவமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1829இல் ரெயின்ஹில் என்னுமிடத்தில் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' ஓடியதைக் கண்டு ஊரே திகைத்து நின்றது. இங்கோ, மனிதன் வென்றுவிடக்கூடிய அளவுக்கு எஞ்சின் மூத்துவிட்டது. அந்த முதுமையையே விழாவாக்கிக்கொண்டார்கள். எஞ்சின் தண்ணீர் எடுக்க நிற்கும். மனிதன் நிற்க மாட்டான். வெற்றி தோல்வி மயிரிழையில் தீர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னவை போற்றுதற்குரியவை. ஆயினும் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அதைச் சொல்லாது விடின் இக்கட்டுரை விழா மலர்களில் வழக்கமாக வரும் வாழ்த்துரையாகிவிடும்.

இப்பாதையைக் காக்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசும் நகரத்தார். பள்ளத்தாக்கின் மொழியோ வேல்ஸ். பாதையின் பெயரையே பலரால் ஒலிக்க இயலாது என்று முன்னர்ச் சொன்னேன். அவர்கள் காதலித்தது எஞ்சினை. எஞ்சினுக்குக் கல் தந்த மனிதர்கள் யாவர்? விழாக்களில் அவர்களுக்கு இடம் எங்கே?

வடமேற்கு வேல்ஸின் சிலேட்டுக் குவாரிகளில், நண்பகல் உணவுக்காகத் தொழிலாளர் கூடும் கல்குடிலுக்குக் கபன் என்று பெயர். ஈரம் சொட்டும் உடையோடு வந்து தேநீர்க் கெண்டியைச் சுற்றி அமர்வர். அவர்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்துகொள்வர். அன்றைய பொருள் பற்றி முறையாக வாதிடுவர். அரசியல், சமயம், தொழிற்சங்கம், கவிதை என எதுவும் பொருளாகலாம். பாடுவர், பாடல் இயற்றுவர், போட்டி வைத்துத் தங்களுக்குள்ளேயே பரிசளித்துக்கொள்வர். ஐஸ்தெத்வொத் எனப்படும் வேல்ஸ் நாட்டுக் கவியரங்கத் திருவிழாவின் சிற்றுரு அது. சில கபன்களில் கூட்டக் குறிப்பேடும் எழுதிவைத்தனர். அந்நாட்டு மரபுக் கவிதையின் யாப்பு எளிதன்று. ஓரடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வரவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. எதுகையும் மோனையும் அறிந்த நம்மவர்க்கு அதன் கடினம் விளங்கும். அத்தகைய யாப்பை, பகலெல்லாம் பாறை பிளந்த கைகளுக்கு உரியவர்கள், அரைமணி உணவு வேளையில் ஆராய்ந்தனர். நான் அறிந்தவரை, உலகின் இலக்கிய வட்டங்களுள் மிகக் கடும் சூழலில் நடந்தது இதுவே. நம் மின்விசிறி ஓடவில்லை என்று கூட்டத்தை முடித்துக்கொண்ட நாட்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அந்தக் கபன்களை எவரும் ஓட்டல் அறையில் கூடிக் காக்கவில்லை. குவாரிகள் மூடப்பட்டபோது அவையும் முடிந்தன. குடிலைச் செப்பனிடலாம், அதில் நடந்த வாதத்துக்கு வாய் வேண்டும். எஞ்சினுக்குக் கரி போட்டால் ஓடும். மொழியறியாத ஆர்வலர் எத்துணை அன்புடையராயினும் அந்த அவையை அவரால் கூட்ட இயலாது. இதை ஆர்வலர் மீது குற்றமாகச் சுமத்தலாமா? அவ்வாறு சுமத்தத் துணியமாட்டேன். அவர்கள் அன்று வராதிருந்தால் தண்டவாளம் பழைய இரும்பாக விலைபோயிருக்கும். குவாரியைப் பற்றி இன்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் போயிருக்க மாட்டார். ஆனால் ரோல்ட், படகோட்டிகளின் வாழ்வை முன்னிறுத்தி ஐக்மனோடு மோதியவர் அல்லரோ! கால்வாயில் அவர் எழுப்பிய அதே வினா, தண்டவாளத்தில் அவரையே நோக்கித் திரும்புகிறது. அவர் 1974இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய எஞ்சின் 1991 முதல் அப்பாதையில் ஓடுகிறது.

தாலிலினுக்கு வடக்கே ஃபெஸ்டினியோக் என்னும் மற்றொரு குறும்பாதை உள்ளது. 1836இல் திறக்கப்பட்டது, இடையகலம் இரண்டடிக்குச் சற்றே குறைவு. தாலிலினைப் பின்பற்றி ஆர்வலர் கையெடுத்து, 1955இல் ஒரு பகுதியைத் திறந்தனர். நடுவில் நீர்மின் தேக்கம் பாதையை விழுங்கிவிட, 1965 முதல் 1978 வரை மலையைக் குடைந்து மாற்றுப்பாதை வெட்டி, 1982இல் பழைய முனையூரை அடைந்தனர். அப்பெருஞ்செயல் தனியே எழுதத்தக்கது. அங்கே நடக்கும் ஒரு விழா நிகழ்ச்சியைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

அப்பாதை குவாரியிலிருந்து கடல்வரை ஒரே சரிவாக இறங்குமாறு வகுக்கப்பட்டது. தொடக்ககாலத்தில் எஞ்சின் இல்லை. கல் ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே இறங்கின. வெற்று வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்தன. இறங்கும்போது குதிரைகளும் தமக்கென அமைந்த பெட்டியில் நின்றுகொண்டு பயணம் செய்தன. 1863இல் நீராவி வந்தபின்னும் கல் வண்டிகள் 1939 வரை எஞ்சினின்றியே இறங்கிவந்தன. இன்று சிறப்பு விழா நாட்களில் அவ்வாறே ஒரு வண்டித்தொடரை ஓட்டிக் காட்டுகிறார்கள். பழைய கல் வண்டிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். முன்னே எஞ்சின் இல்லை, பின்னேயும் இல்லை. புகை இல்லை. வண்டிகளின்மேல் அமர்ந்தவர்கள் கைத்தடுப்பை இறுக்கியும் தளர்த்தியும், ஊதுகொம்பு ஒலித்தும், தொடரை இறக்கிக்கொண்டு வருகிறார்கள். ஓசை, இரும்பு இரும்பின்மேல் உருளும் ஓசை மட்டுமே. எஞ்சினைக் காண வந்த கூட்டம், எஞ்சின் இல்லாத அந்த வண்டியைக் காண வேலியோரம் நெருக்கியடித்து நிற்கிறது. குவாரிக்காரர்களின் உடல் செய்த வேலை அங்கேதான், சில மணித்துளிகளுக்கு, கண்ணுக்குத் தெரிகிறது. விழா வேறெதையும் செய்யாவிடினும் இதைச் செய்கிறது.

2021இல் யுனெஸ்கோ, வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிரினெக்லுவிஸ் குவாரி, தொழிலாளர்க்கென எழுந்த அபர்கனோல்வின் சிற்றூர், தாலிலின் பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து அதில் ஒரு பகுதி. ஃபெஸ்டினியோக்கும் உண்டு. எஞ்சினும் குவாரியும் ஊரும் ஒரே வரியில் எழுதப்பட்டதை நான் முதலில் கண்டது அப்பட்டியலில்தான்.

இப்போதுள்ள இடர் வேறு. உலகுக்கே நிலக்கரி அனுப்பிய நாடு வேல்ஸ். அந்நாட்டின் மெர்த்தர் டிட்ஃபில் அருகிருந்த ஃபோஸ்-இ-விரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. புவி வெப்பத்தை எண்ணினால் அம்மூடலை வெறுக்கவும் இயலாது. ஆனால் பிரிட்டனின் பாரம்பரிய நீராவிப் பாதைகள் இப்போது கடல்கடந்து வரும் கரியை விலைகொடுத்து வாங்குகின்றன. கரிக்கு மாற்றாகப் பிற எரிபொருள்களையும் கலந்து சோதிக்கின்றன. கொதிகலனுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை நாள்தோறும் அடுப்பருகே நின்று கற்க வேண்டியிருக்கிறது. கற்பவர்களுள் பலர் ஓய்வுபெற்ற முதியோர். 1951இல் அந்தக் கிழட்டு எஞ்சினுக்குக் கரி போட்ட இளைஞர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். 'டோல்கோக்' பலமுறை பிரித்துக் கட்டப்பட்டு, முதலில் இருந்த இரும்பு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அறிய இயலாதபடி, இன்னும் அப்பாதையின் எஞ்சின்களுள் ஒன்றாக இருக்கிறது. அதன் பின்னே செல்லும் பெட்டிகளுக்கு இன்றும் ஒருபுறம்தான் கதவு.